தரைமேல் போட்ட பழி

கண்டக்டர் விழுந்தது அவருடைய சொந்த வீட்டு ஹாலில். ஓடுகிற பஸ்ஸில் முப்பது வருஷம் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்த மனுஷர், ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே, ஆடாமல் அசையாமல் கிடக்கிற தரையில் மல்லாக்க விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். கேள்விப்பட்டு வந்தவர்கள் முகத்துக்கு நேரே சிரிக்கவில்லை. ஆனால் தெருமுனை தாண்டியதும் சிரித்திருப்பார்கள், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எப்படி விழுந்தீர்கள் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "டைல்ஸ் வழுக்கிடுச்சு."

அறுவை நடந்து எலும்பும் கூடிவிட்டது. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர், "இனிமே நீங்க ஓடவே செய்யலாம்" என்றார். கண்டக்டர் ஓடவும் இல்லை, நடக்கவும் இல்லை. பின்கட்டு அறையில், வாடகைக்கு எடுத்த சக்கர நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். பயிற்சி கொடுக்க வருகிற பிசியோ பெண் கணுக்காலில் மணல் பையைக் கட்டித் தூக்கச் சொன்னால் தூக்குவார். மடக்கச் சொன்னால் மடக்குவார். "எங்க, எழுந்து நில்லுங்க பார்ப்போம்" என்றால் மட்டும் முகம் சுருங்கிவிடும். "நாளைக்குப் பார்ப்போம்மா" என்பார். அந்த நாளை மட்டும் வருவதாகக் காணோம்.

சனிக்கிழமை அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டே கண்டக்டரின் மனைவியை வாசலுக்கு அழைத்தாள்.

"டீச்சர், மறைக்காம சொல்றேன். அவரு காலுக்கு ஒண்ணுமில்ல. ஆனா இன்னும் ரெண்டு மூணு வாரம் இப்படியே உட்கார்ந்திருந்தார்னா, அப்புறம் நடக்கணும்னு ஆசைப்பட்டாலும் கால் கேட்காது. நாற்காலியே கதின்னு ஆயிடும்."

 டீச்சர் தலையை ஆட்டி, தேங்க்ஸ் சொல்லி, கேட்டைச் சாத்திவிட்டு வந்தாள்.

அவள் பள்ளியில் பெரிய வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறவள். தெரு முழுக்க அவளுக்கு டீச்சர்தான். கண்டக்டரும் கல்யாணமான புதிதில் கேலிக்கு அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, கேலி போய் அதுவே பெயராகத் தங்கிவிட்டது. வெளியூரில் இருக்கும் மகள் ஒருத்தி. அவள் அப்பாவைப் போலவே அவசரக்காரி. தரை வழுக்கியது என்று கேட்ட நாளிலிருந்து தரையையே பேர்த்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டாள். டைல்ஸ் போடுகிறவரிடம் பேசி, திங்கட்கிழமை காலையில் ஆளோடு வரச் சொல்லியும் ஆயிற்று. "நல்ல சொரசொரப்பான கல்லா போட்டுடலாம்மா. அப்பா பயமில்லாம நடப்பார்" என்றாள் போனில். கண்டக்டரும் அந்த யோசனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "புதுத் தரை வரட்டும். அப்புறம் பாரு நான் நடக்கறதை."

டீச்சருக்கு மட்டும் ஒரு விஷயம் முள்ளாக உறுத்தியது. அதே தரையில்தான் அவளும் நடக்கிறாள். ஈரக்காலோடு நடக்கிறாள், காலையில் பள்ளிக்கு நேரமாகிவிட்டால் பாதி ஓட்டமாகவே ஓடுகிறாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவளுக்கு வழுக்கியதில்லை.

தரை வழுக்கவில்லை என்றால் அவர் ஏன் விழுந்தார்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் அது நேரே கண்டக்டரின் அண்ணனிடம் போய் நிற்கும். அந்த மனுஷரும் ஒரு நாள் காரணமே இல்லாமல் வீட்டு முற்றத்தில் விழுந்தார். பிறகு கையிலிருந்த டம்ளர் நழுவியது. பிறகு பேச்சு குழறியது. நரம்பு நோய் என்றார்கள். கடைசிக் காலம் முழுக்கப் படுக்கையில் கழிந்தது. கண்டக்டர் விழுந்த நாளிலிருந்து புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே அந்த அண்ணனைப் பற்றி மூச்சுக் காட்டவில்லை. மறந்துபோய் அல்ல. அவ்வளவு கவனமாகத் தவிர்த்தார்கள்.

அதனால் தரைதான் குற்றவாளி என்று நிரூபணமாக வேண்டும் என்று டீச்சர் மனதார ஆசைப்பட்டாள். ஒரு இயற்பியல் டீச்சர் ஆசைப்படக் கூடாத விதத்தில் ஆசைப்பட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை டீயை ஆற்றிக்கொண்டிருக்கும்போது அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. நாளைக்குத் தரையைப் பேர்த்துவிடப் போகிறார்கள். அதற்குள் தரையிடமே ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் என்ன?

*

வீடு கட்டும்போது மிஞ்சிய டைல்ஸ் நாலைந்து எல்லார் வீட்டிலும் போல அவர்கள் வீட்டிலும் பரண்மேல் கிடந்தது. ஒன்றை இறக்கித் துடைத்தாள். அலமாரியிலிருந்து ஒரு மரத்தட்டை உருவி, அதன்மேல் கல்லை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். பின்கட்டு அறைக்குப் போய்ச் சக்கர நாற்காலியைப் பிடித்துத் தள்ளினாள்.

"எங்க தள்ளிட்டுப் போற?"

"ஹாலுக்கு. எனக்கு ஒரு ஆள் வேணும். பலகையைத் தூக்கிப் பிடிக்க."

"ஹாலுக்கா?" விழுந்த நாளுக்குப் பிறகு அவர் ஹால் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. "ஞாயித்துக்கிழமையும் பள்ளிக்கூடமா? ஆளை விடு டீச்சர்."

ஆனால் நாற்காலி அதற்குள் ஹாலுக்கு வந்துவிட்டது. டீச்சர் சக்கரத்தைப் பூட்டி, கால் வைக்கிற தட்டை மடக்கி, அவர் பாதங்களைத் தரையில் ஊன்றவைத்தாள். பலகையின் ஒரு முனையைச் சுவரடியில் முட்டவைத்து, மறு முனையை அவர் கையில் கொடுத்தாள். சுவரிலிருந்து ஐம்பது சென்டிமீட்டர் தள்ளி ஒரு ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். கல்லின்மேல், அவர் விழுந்த அன்று காலில் போட்டிருந்த அதே ரப்பர் செருப்பின் வலதுகால்.

"மெதுவா தூக்குங்க. எறும்பு ஏறுற மாதிரி. செருப்பு எப்ப நகருதோ, அப்ப நிறுத்திடுங்க. அந்த உயரத்தை இந்த அம்பதால வகுத்தா, தரைக்கும் செருப்புக்கும் எவ்வளவு பிடிப்புன்னு ஒரு எண் வரும். ஓய்வுநிலை உராய்வுக் குணகம்னு பேரு."

"பேரைக் கேட்டாலே வழுக்குது" என்றபடி கண்டக்டர் பலகையைத் தூக்கினார்.

செருப்பு நகரவில்லை. இன்னும் தூக்கினார். நகரவில்லை. பலகை நன்றாகவே சாய்ந்துவிட்டது, பார்க்கிற நமக்கே இப்போது விழும் இப்போது விழும் என்று இருக்கிறது, செருப்பு தன் பாட்டுக்குச் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது.

டீச்சர் இந்தப் பாடத்தை எத்தனையோ வருஷமாக நடத்துகிறாள். பாடப் புத்தகத்தில் உராய்வு என்பது வேண்டாத விருந்தாளி. இயக்கத்தை எதிர்ப்பது, சக்தியை வீணாக்குவது, எண்ணெய் விட்டுக் குறைக்க வேண்டியது. அவளும் அப்படியே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இன்றைக்குத் தன் வீட்டுத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்க்கும்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. பலகை கொஞ்சம் சாய்ந்தபோது செருப்பு கொஞ்சம் சறுக்கப் பார்த்தது, கல் அந்தக் கொஞ்சத்தை மட்டும் தடுத்தது. இன்னும் சாய்ந்தபோது இன்னும் தடுத்தது. கூடத் தடுத்திருந்தால் செருப்பு மேல்நோக்கி ஏறியிருக்கும். குறைத்திருந்தால் கீழே வந்திருக்கும். கூடவும் இல்லை குறையவும் இல்லை. அந்தந்தக் கணத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. ஒரு மண் கல்லுக்கு இந்தக் கணக்கு எப்படித் தெரிகிறது? விடை அவளுக்குப் புத்தகப்படி தெரியும். தெரிந்தும் உடம்பு சிலிர்த்தது.

சர்ரென்று செருப்பு வழுக்கிச் சுவரில் போய் முட்டியது.

"முப்பது" என்றாள் டீச்சர், ஸ்கேலைப் பார்த்து.

மறுபடியும் செய்தார்கள். முப்பத்தொன்று. மறுபடியும். இருபத்தொன்பதரை.

கண்டக்டருக்கு இதற்குள் சுவாரஸ்யம் பிடித்துவிட்டது. "வெறும் செருப்பை வெச்சுப் பார்த்தா எப்படி? நான் எழுபது கிலோ ஆளு. வெயிட்டு இருந்தா அமுங்கி நிக்கும்ல? இல்ல, வெயிட்டே கீழ இழுத்துடுமா?"

"நீங்களே வெச்சுப் பாருங்க."

பிசியோ பெண்ணின் மணல் பையை எடுத்துச் செருப்பின்மேல் கட்டினார்கள். பலகை ஏறியது. முப்பதில் வழுக்கியது. இரண்டாவது பையையும் கட்டினார்கள். கண்டக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணிமைக்காமல் தூக்கினார். முப்பது.

"அடச்சீ" என்றார்.  தானே பைகளை அவிழ்த்தார், தானே கட்டினார், இன்னொரு தடவை தூக்கினார். அதே முப்பது. "வெறும் செருப்பும் ஒண்ணு, மூட்டை ஏத்தின செருப்பும் ஒண்ணா? என்ன டீச்சர் இது, கண்கட்டு வித்தை மாதிரி?"

"எவ்வளவு வெயிட் ஏறுதோ அவ்வளவு கீழ இழுக்கும். அதே அளவுக்கு அமுக்கியும் பிடிக்கும். ரெண்டும் சரிக்குச் சரி போயிடும். எறும்புக்கும் யானைக்கும் ஒரே மாதிரி செருப்பு போட்டுவிட்டா, ரெண்டும் ஒரே சாய்வுலதான் வழுக்கும்."

கண்டக்டர் வாயைப் பிளந்துகொண்டு அந்தச் செருப்பைப் பார்த்தார். நெரிசலில் ஆட்களை உள்ளே தள்ளித் தள்ளி ஏற்றிய மனுஷர். எடைதான் எல்லாம் என்று வாழ்நாள் முழுக்க நம்பியவர். கோவிலில் நிற்பதுபோல ஒரு நிமிஷம் அப்படியே இருந்தார். டீச்சருக்கு அந்த முகத்தைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. ஏனென்றால் அவள் மனதுக்குள் வகுத்து முடித்திருந்தாள்.

கடைசியாகக் கல்லின்மேல் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். அதாவது கைகொடுக்கும் என்று நினைத்தாள். ஈரத்திலும் இருபத்திரண்டு வரைக்கும் செருப்பு அசைந்து கொடுக்கவில்லை.

*

"சரி, என்ன வந்துச்சு கணக்கு?"

டீச்சர் ஸ்கேலைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டிருந்தாள்.

பரிசோதனைக் கூடத்தில் பிள்ளைகள் செய்கிற ஒரு திருட்டுத்தனம் உண்டு. விடை எவ்வளவு வரவேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்றபடி அளவுகளை எழுதிவைத்துவிடுவார்கள். ரீடிங் சமைப்பது என்று அதற்குப் பெயர். டீச்சருக்குச் சமைத்த ரீடிங்கைக் கண்டால் ஆகாது. அட்டவணையைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்து, காதைத் திருகாத குறையாகத் திரும்பச் செய்யவைப்பாள். அதற்காகவே அவளுக்கு ஒரு பட்டப்பெயரும் இருந்தது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவளே அடுப்பைப் பற்றவைத்தாள்.

"பாயிண்ட் ரெண்டு" என்றாள். "ரொம்பக் கம்மி. மோசமான தரைதான். பேர்த்துட வேண்டியதுதான்."

கண்டக்டர் அவளையே பார்த்தார்.

"முப்பதை அம்பதால வகுத்தா பாயிண்ட் ஆறு" என்றார் மெதுவாக. "ஓடுற பஸ்ல சில்லறை கணக்குப் பார்த்தவன்கிட்ட இந்தப் பொய் எடுபடுமா? ஏன் டீச்சர் குறைச்சுச் சொல்ற?"

கையும் களவுமாகப் பிடிபட்ட மாணவி மாதிரி டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாயிண்ட் ரெண்டுன்னா என்ன, பாயிண்ட் ஆறுன்னா என்ன? அதைச் சொல்லு."

"நடக்கும்போது காலை முன்னால வைக்கறோம்ல. இடுப்பு எவ்வளவு உயரமோ, அதுல கால்வாசி தூரம்தான் முன்னால வைப்போம். அதுக்குத் தரையில பாயிண்ட் ரெண்டு, ரெண்டரை இருந்தாப் போதும்." அவள் ஸ்கேலைப் பலகைமேல் வைத்தாள். "இந்தத் தரையில பாயிண்ட் ஆறு இருக்கு. ஈரத்துல கூட பாயிண்ட் நாலுக்கு மேல. நடக்கற மனுஷனை இது வழுக்க விடாது."

"அப்ப தரைமேல தப்பில்ல."

"இல்ல."

 மணல் பைகள் இரண்டும் சுவரடியில் கிடந்தன.

"எனக்குத் தெரியும்" என்றார் கண்டக்டர்.

"எது?"

"தரை வழுக்கலைன்னு. விழுந்த அன்னிக்கே தெரியும். கண்ணாடியை எடுக்க வந்தேன். நல்லாத்தான் நடந்து வந்தேன். திடீர்னு வலது கால் தானா முன்னால போச்சு டீச்சர். நான் வெக்கல. அதுவா போச்சு." அவர் தன் வலது முழங்காலை யாருடையதோ மாதிரி பார்த்தார். "அண்ணனும் இதையேதான் சொன்னான். கால் என் பேச்சைக் கேட்கலைடான்னான். அதான் நான் எழுந்திருக்கல. எழுந்து நடந்து இன்னொரு தடவை விழுந்தா, அதுதான்னு ஆயிடும்ல? உட்கார்ந்திருக்கற வரைக்கும் தரைமேல பழியைப் போட்டுட்டு இருக்கலாம்."

டீச்சர் தரையில் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். தான் எதை மென்று விழுங்கிக்கொண்டிருந்தாளோ அதையேதான் அவரும் பக்கத்து அறையில் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். "நரம்பு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன்" என்றாள். "புதன்கிழமை. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"எனக்குத் தெரியாமலா?"

"நீங்க மட்டும் என்கிட்ட சொல்லிட்டா பயந்துட்டு இருந்தீங்க?"

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் டீச்சர்தான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேறு எதையும் பிடித்துக்கொள்ள வழியில்லாததால், கணக்கையே பிடித்துக்கொண்டாள்.

"இருங்க. கால் தானா போச்சுன்னாலும் தரை சும்மா விடாது. இந்தக் கல்லுல ஒருத்தர் வழுக்கணும்னா கால் எவ்வளவு தூரம் போயிருக்கணும், தெரியுமா?" அவருடைய இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் டேப்பை வைத்து அளந்தாள். தொண்ணூறு. "இதுல பாயிண்ட் ஆறு பங்கு. அம்பத்திநாலு."

சாக்பீஸால் தரையில் ஒரு கோடு போட்டு, ஐம்பத்திநாலு சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு கோடு போட்டாள். போட்டுவிட்டு அவளே திகைத்தாள். பலகையும் ஸ்கேலும் தரையும் சேர்ந்து செய்த அதே முக்கோணம் இது. சாய்ந்த பலகைக்குப் பதில் சாய்ந்த கால். நிற்கிற ஒவ்வொரு மனுஷனின் இரண்டு காலுக்கு நடுவிலும் இந்த முக்கோணம் பிறந்ததிலிருந்து திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டே இருக்கிறது. அவள் இத்தனை நாள் அதைக் கரும்பலகையில் மட்டும்தான் தேடியிருக்கிறாள்.

கண்டக்டர் இரண்டு கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்வளவு தூரமா? பள்ளத்தைத் தாண்டறவன்கூட வீட்டுக்குள்ள இப்படிக் கால் வெக்கமாட்டானே. கால் தளர்ந்து விழுறவன் தொய்ஞ்சுதான் விழுவான். அண்ணன் அப்படித்தான் விழுந்தான், துணி மாதிரி."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. படாரென்று ஒரு சத்தம். பலகை எகிறி, ஸ்கேல் பறந்து, கல் ஓரத்தில் உடைந்தது. கண்டக்டரின் வலதுகால் நீட்டியபடி நின்றது. முதுகு நாற்காலியின் சாய்மானத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"பார்த்தியா? பார்த்தியா? இதான். இதேதான் டீச்சர்."

 டீச்சர் காதில் இன்னொன்றும் விழுந்திருந்தது. பலகை விழுவதற்கு முந்தி, வீட்டுக்கு எதிரே இருக்கிற பஸ் ஸ்டாப்பில்.

"இப்ப ஒரு சத்தம் கேட்டுச்சே, கேட்டீங்களா?"

"பலகை விழுந்த சத்தம்தானே?"

"அதுக்கு முன்னாடி. பஸ் பிரேக் போட்டான்."

"பிரேக்கா?" கண்டக்டர் நெற்றியைச் சுருக்கினார். "அது என்ன, எப்பவும் கேட்கறதுதானே. அதையெல்லாம் யாரு கவனிக்கறா?"

டீச்சர் எழுந்து நின்றாள்.  "நீங்க விழுந்த அன்னிக்கு உங்களைத் தூக்கிவிட யார் வந்தாங்க?"

"வழியில போனவங்க ரெண்டு பேர்."

"வழியில போனவங்க இல்லீங்க. அப்பதான் பஸ்ஸைவிட்டு இறங்கினவங்க. ஜன்னல் வழியா பார்த்துட்டு, கையில டிக்கெட்டோட ஓடி வந்தாங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அப்பவும் பஸ் நின்னுச்சுங்க. அந்த நிமிஷம் நின்னுச்சு. பின்கட்டுல இந்தச் சத்தம் கேட்காது, அதான் இத்தனை நாள் தெரியல."

*

அடுத்த பஸ்ஸுக்காகக் காத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பஸ் குறைவு. சொந்த வீட்டு ஹாலில் உட்கார்ந்து, பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்களைவிடப் பதைப்போடு பஸ்ஸுக்குக் காத்திருந்த தம்பதி உலகத்தில் இவர்களாகத்தான் இருக்கும். "லேட்டா வர்றான் பாரு, எந்த டெப்போ வண்டின்னு தெரியல" என்று கண்டக்டர் பழக்கத்தில் முணுமுணுத்தார். டீச்சர் அவர் பாதத்தின் முன்னால் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவைத்திருந்தாள். பேச்சு கொடுத்துக்கொண்டே இருந்தாள், அவர் கவனம் காலில் இருக்கக் கூடாது என்று. மகள் சின்ன வயசில் அப்பாவின் விசிலைத் திருடி ஊதி வகுப்பையே கலைத்த கதையை அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, வெளியே பிரேக் கிறீச்சிட்டது. அவர் கதையை நிறுத்தவில்லை. கால் மட்டும் கோட்டைத் தாண்டி விருட்டென்று போய் ஊன்றி நின்றது.

கதை பாதியில் நின்றது. இருவரும் அந்தக் காலைப் பார்த்தார்கள்.

"நோய்வாய்ப்பட்ட கால் இப்படிப் பாயாதுங்க" என்றாள் டீச்சர். "இது வேலைக்குப் போற கால்."

பிரேக் போட்டால் பஸ்ஸில் இருக்கிற எல்லாரும் முன்னால் சாய்வார்கள். கண்டக்டர் மட்டும் பின்னால் சாய்ந்து, ஒரு காலை முன்னால் ஊன்றிக்கொள்வார். சத்தம் வந்து, மூளைக்குப் போய், யோசித்து, ஊன்றினால் அதற்குள் யார் மடியிலாவது விழுந்திருப்பார். அதனால் சத்தம் காதைத் தொட்டதும் கால் தானே கிளம்பிவிடும். எவ்வளவு வேகத்தில் பிரேக் விழுகிறதோ அதற்கேற்ற தூரம், அதற்கேற்ற சாய்வு. அந்த நேரத்தில் பஸ்ஸின் தகரத் தரை அவர் பாதத்தைப் பின்னால் தள்ளித் தாங்கும், கூடவும் இல்லை குறையவும் இல்லை. முப்பது வருஷம் இந்த மனுஷர் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அந்த முக்கோணத்தைப் போட்டு, அதன்மேல் நின்றிருக்கிறார். கையில் பேனா இல்லை, ஸ்கேல் இல்லை. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. பஸ் நின்றபோதெல்லாம் அவரைக் காப்பாற்றிய அதே சாய்வு, பஸ்ஸே இல்லாத ஹாலில் அவரை மல்லாத்திவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

டீச்சர் இதைச் சொல்லி முடித்தபோது கண்டக்டர் குழந்தை மாதிரி அழுதார். "அப்ப அண்ணனோட வியாதி இல்லையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

"டாக்டர் வாயால கேட்டுக்கலாம். புதன்கிழமை போகத்தான் போறோம்."

"போவோம்" என்றார் கண்டக்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா இந்த வண்டியில வரமாட்டேன்."

நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்து அழுத்தினார். டீச்சர் பதறி முன்னால் வந்து நின்றாள். எழுந்தார். முழங்கால் கிடுகிடுவென்று ஆடியது. நின்றார். செருப்பைக்கூடப் போடவில்லை, வெறுங்கால். டீச்சரின் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வலதுகாலை எடுத்து வைத்தார். பிறகு இடதுகால்.

டீச்சர் குனிந்து அவர் பாதத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் பின்னால் போனாள். தரையில் ஊன்றிய கால் துளிகூட நகரவில்லை. ஆள் நகர்கிறார், தரையைத் தொட்டிருக்கிற பாதம் நகரவில்லை. அது அங்கேயே நிற்கிறது, மற்றது வந்து ஊன்றும் வரைக்கும். நடப்பது என்றால் மாற்றி மாற்றி நிற்பதுதான். இதைத்தான் ஓய்வுநிலை என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். உலகத்தில் நடக்கிற அத்தனை ஜனத்தின் காலுக்கடியிலும், யாரும் நன்றி சொல்லாமல், ஒவ்வொரு எட்டுக்கும் தரை நின்று கொடுத்துக்கொண்டிருக்கிறது. அவளுக்குக் கீழே உட்கார்ந்து அந்தக் கல்லைத் தொட்டுக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். கண்டக்டர் மூச்சு வாங்க ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தெருக்கோடியில் ஒரு பஸ் திரும்பி வந்துகொண்டிருந்தது. கூட்டம். நடுவில் ஒரு இளம் கண்டக்டர், எதையும் பிடிக்காமல், யாருக்கோ சில்லறை எண்ணிக்கொண்டிருந்தான்.

"அவனைப் பாரு, டீச்சர்" என்றார். "பாரு, பாரு, இப்ப பாரு."

பிரேக் விழுந்தது. பஸ்ஸுக்குள் ஒட்டுமொத்த ஜனமும் முன்னால் சரிந்தது. அந்தப் பையன் மட்டும் பின்னால் சாய்ந்தான். விரல்கள் சில்லறையை எண்ணுவதை நிறுத்தவே இல்லை.

"அடேயப்பா!" என்றார் கண்டக்டர். தன் வாழ்நாளில் முதல்முறையாக அதை வெளியே நின்று பார்க்கிறார். "நானும் இப்படித்தான் நின்னேனா? இவ்வளவு அழகாவா இருந்துச்சு?"

 டீச்சர் பஸ்ஸைப் பார்க்கவே இல்லை. பிரேக் சத்தத்துக்கு அவருடைய வலதுகால் முன்னால் போயிருந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்ததால் உடம்பு சாயவில்லை. வெறும் பாதம் கல்லில் அழுந்தி, கட்டைவிரல் வெளுத்து, அசையாமல் நின்றது. அவர் விழவில்லை. விழக்கூடும் என்பதுகூட அவர் ஞாபகத்தில் இல்லை. கழுத்தை நீட்டி அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தார்.